விருந்தாளி இருக்கும்போது மூடுவதில்லை

ஹெல்மெட்டை மறந்து வைத்துவிட்டதால் திரும்பவும் படியேறினேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தர்மாஜி ஐயா மேசைக்கு அடியில் குனிந்திருந்தார். கீழே எதையோ போட்டுவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவருடைய கட்டைவிரல் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கோழி அறுக்கும்போது பார்க்க மனமில்லாதவர் போல முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். திரை ஒருமுறை மினுங்கி இருண்டது. அந்தக் கணம்வரை அதில் என் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றேன்.

அவர் நிமிர்ந்த வேகத்தில் மேசை விளிம்பு தலையில் இடித்தது.

"நீ இன்னும் போகலையாம்மா?"

"ஹெல்மெட்…"

"ஆமா, ஹெல்மெட்! இங்கதான் இருக்கு. இரு, தூசி தட்டித் தரேன்." அதில் தூசியே இல்லை. சட்டை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதை ஏன் ஐயா அப்படி அணைச்சீங்க?"

"எதை? ஓ, இதுவா… ரொம்பச் சூடாயிருச்சும்மா. கொஞ்சம் ஆறட்டும்னு."

ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த ராத்மி அக்கா திரும்பாமலே சொன்னார். "தினமும்தான் சூடாவுது. அதிலயும் ஆள் மாறுற நேரம் பாத்துச் சூடாவுது."

அது சுரபாயாத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளை அனுப்பும் அறை. பெரிய கப்பல்கள் தாமாகக் கரையணைய முடியாது. எந்தக் கப்பலுக்கு எந்தப் படகு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் கயிறு என்று இந்த அறையிலிருந்துதான் உத்தரவு போகும். தர்மாஜி ஐயாவும் ராத்மி அக்காவும் பகல் முழுக்க அங்கேதான். ஒருவர் திரையைப் பார்ப்பார், மற்றவர் ரேடியோவில் பேசுவார். கண் களைத்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். உத்தரவு யார் பெயரில் போகிறதோ அவர்தான் அதற்குப் பொறுப்பு என்பதால், மாறும்போது ஒருவர் புரோகிராமை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும், மற்றவர் தன் பெயரில் திறந்து உட்கார வேண்டும்.

அந்த மூடுதல் என்னுடைய வேலை.

யோங்கி அண்ணனின் கம்பெனியில் நாங்கள் மொத்தமே ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவு ஆட்கள்தான். கீழே இறால் வறுவல் மொத்த வியாபாரம், மாடியில் நாங்கள். இந்தப் புரோகிராமைத் தொடங்கியபோது எல்லோரும் திறக்கும் வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். ஃபத்கூர் வரைபடத்தை எடுத்துக்கொண்டான். படகுகள் பச்சையும் ஆரஞ்சுமாக நகர்வதை அவன் வீட்டில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறான். மூடுவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. மூடிவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அது என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பயிற்சிக்காக வந்தவள் நான். வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொல்லும் நாட்களில் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். பதினோராம் வகுப்பில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. அது போன பிறகும் நான் பள்ளிக்குத் திரும்பவில்லை, பயிற்சிக்கு வந்த இடத்திலேயே தங்கிவிட்டேன். ஃபத்கூர் என்னை 'கதவுக்காரி' என்று கூப்பிடுவான்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. பலருக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. திரையில் வரைபடம், படகுப் பட்டியல், கடல் ஏற்ற இறக்க அட்டவணை, குறிப்பு என்று பல பேனல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பிடித்து இழுத்தால் வேறு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பெருக்கல் குறி. அதை அழுத்தினால் பேனல் அந்தக் கணமே செத்துப்போவதில்லை. முதலில் ஒரு செய்தி வருகிறது: என்னை மூடப் போகிறார்கள், சம்மதமா? அந்தச் செய்தியைப் பிடித்து, யார் மூடுகிறார்கள், எதற்காக மூடுகிறார்கள், உள்ளே யாருடைய பாதி வேலையாவது இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். அழுத்துவதற்கும் மறைவதற்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அந்த இடைவெளியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. யாருடைய வேலையும் தொலைந்துபோக நான் விடுவதில்லை. வண்டியில் போகும்போது இதை நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொள்வேன்.

அதனால்தான் அந்தக் கட்டைவிரல் என் வயிற்றில் அழுத்தியது போலிருந்தது. மேல்மாடியில் அப்போது விழா ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அன்றுதான் புரோகிராமை ஒப்படைக்கும் நாள். நண்பகல் தொழுகைக்கு முன் படகுக் கம்பெனியின் இயக்குநர் விர்யவான் சார் கையெழுத்துப் போட வேண்டும். யோங்கி அண்ணன் நல்ல நாளில் வெட்டும் மஞ்சள் சோற்றுக் கூம்பு வரவழைத்திருந்தார்.

"ஐயா, திரும்ப ஆன் பண்ணுங்க. நான் பாக்கறேன்" என்றேன்.

அவர் தன் பெயரில் திறந்தார். பேனல்கள் எல்லாம் முதன்முதலில் நாங்கள் வைத்த இடத்திலேயே வந்து நின்றன. ஐயா வரைபடத்தை வலப்பக்கம் இழுத்தார், அட்டவணையைக் கீழே தள்ளினார், பட்டியலை அகலமாக்கினார். பாய் விரிப்பது போல அவ்வளவு பழக்கமான கை. இதை முன்பும் பார்த்திருக்கிறேன். காலையில் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவது மாதிரி இவருக்கு இது ஒரு வழக்கம் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் உறைத்தது. எந்தப் பேனல் எங்கே இருந்தது என்பதை, ஒழுங்காக மூடும்போதுதான் என் புரோகிராம் எழுதி வைத்துக்கொள்ளும். ஒழுங்காக மூடப்பட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் இவர்கள் அறையை முதலிலிருந்து அடுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து உட்காருபவருக்காக எழுதி, அழிந்துபோன குறிப்பை ஐயா திரும்ப எழுதினார். எழுதி முடித்ததும் அந்தப் பேனலின் பெருக்கல் குறியை அழுத்தினார். அது மறைந்தது. பேனலைத் தனியாக மூடினால் சாகாமல் ஒளிந்துகொள்ளும்படி நான்தான் செய்திருந்தேன்.

"இப்ப மொத்தமா மூடுங்க ஐயா."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "இப்பவா?"

"ஆமா."

"நீ உக்காந்திருக்கியேம்மா."

"அதனால என்ன?"

அவர் ராத்மி அக்காவைப் பார்த்தார். அக்கா நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார். "அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். விருந்தாளி உக்காந்திருக்கறப்ப கடையை மூடுனா அது 'எந்திரிச்சுப் போ'ன்னு சொல்ற மாதிரி. அவரு வீட்ல விருந்தாளி இருந்தா விளக்கைக்கூட அணைக்க மாட்டாரு. நீ வந்த நாளெல்லாம் யோசிச்சுப் பாரு, நாங்க எடம் மாறியிருக்கமா? ஒரு தடவை நீ மத்தியானம் வரைக்கும் உக்காந்துட்ட. என் கண்ணு ரெண்டும் தக்காளி."

உண்மைதான். நான் எத்தனையோ நாள் இந்த அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திறந்தார்கள், இழுத்தார்கள், உத்தரவு போட்டார்கள், டீ கொடுத்தார்கள். ஒருமுறைகூட யாரும் மூடி நான் பார்த்ததில்லை. மூடும் வேலையைச் செய்தவளுக்கு முன்னால் மட்டும் அவர்கள் மூடியதில்லை.

நானே கையை நீட்டி, பெரிய விண்டோவின் மூலையில் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். விண்டோ அப்படியே நின்றது. கோபமோ கேள்வியோ ஒன்றும் இல்லை.

"பாத்தியா? ரொம்ப மரியாதையான புரோகிராம். போகவே மாட்டேங்குது" என்றார் அக்கா.

"சும்மா இரு ராத்மி. பாப்பா எவ்வளவு உழைச்சிருக்கா."

ஒளிந்திருந்த குறிப்புப் பேனலை மெனுவிலிருந்து வெளியே வரவழைத்தேன். அதன் அடியில் மஞ்சள் பட்டை எரிந்துகொண்டிருந்தது: 'குறிப்பு இன்னும் முடியவில்லை. மூடலாமா?' அந்தப் பட்டை என் பெருமை. முதலில் கேள்வியைத் தனிப் பெட்டியாகத்தான் நடுவில் காட்டினேன். அது வரைபடத்தை மறைத்தது. ஐயா அப்போது 'படகெல்லாம் வெக்கப்பட்டு ஒளிஞ்சிக்குதும்மா' என்று மட்டும் சொன்னார். நான் புரிந்துகொண்டு, எதையும் மறைக்காமல் அந்தந்தப் பேனலுக்குள்ளேயே கேட்கும்படி மாற்றினேன். பதில் வரும்வரை மூட வேண்டாம் என்றும் எழுதினேன். பேனலே ஒளிந்திருந்தால் கேள்வி யார் கண்ணுக்குத் தெரியும் என்று யோசிக்கவில்லை. மூடிய அறைக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்காத குரலில், அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வகுப்பில் நானும் அப்படித்தான் பதில் சொல்வேன். டீச்சர் 'தெரியலையா, உட்காரு' என்பார்.

"குறிப்பை ஏன் ஐயா ஒளிச்சு வெச்சீங்க?"

"ராத்மி இன்னும் ரேடியோவுல பேசிட்டிருக்காளே. நான் எழுதி முடிச்சுத் திறந்து வெச்சா, சீக்கிரம் வான்னு விரட்டுற மாதிரி ஆகாதா? மடிச்சு வெச்சா அவ பாட்டுக்கு வருவா."

"இத்தனை நாளா ஏன் யாரும் சொல்லல?"

தர்மாஜி ஐயா ஹெல்மெட்டை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். "எப்படிம்மா சொல்றது? வரும்போதெல்லாம் கிளெப்போன் இனிப்பு உருண்டை வாங்கிட்டு வர. கீழ்க்குரல்ல 'எல்லாம் சரியா இருக்கா ஐயா'ன்னு கேக்கற. சரியாத்தான் இருக்கு. மூடத்தான் மாட்டேங்குது. அது ஒரு குறையா?"

அந்தக் குறிப்பைப் படித்தேன். 'மூன்றாம் படகின் வின்ச் உருளையில் கயிறு நழுவுகிறது. சின்ன வேலைக்கு அனுப்பலாம். மதியம் வரும் கன்டெய்னர் கப்பலுக்கு வேண்டாம்.' வாயால் சொல்லிக்கொண்டு சமாளித்திருக்கிறார்கள். சொல்ல மறக்கிற நாள் ஒன்று வராமலா இருக்கும்?

மேலே போனேன். நீண்ட மேசை நடுவில் மஞ்சள் சோறு கூம்பாக நின்றது. சுற்றிலும் முட்டை, வறுத்த நெத்திலி, கோழி. யோங்கி அண்ணன் பாத்திக் சட்டையில், ஏற்கெனவே வியர்த்து, விர்யவான் சாருடன் பேசிக்கொண்டிருந்தார். ஃபத்கூர் படம் எடுக்க போனைத் தயாராகப் பிடித்திருந்தான். நான் அண்ணனின் முழங்கையைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இப்ப வந்து சொல்ற? சோறு வந்து உக்காந்திருக்கு, லாஸ்த்ரி!"

"இப்பதான் பாத்தேன் அண்ணே."

"அவங்க யாரும் குறை சொல்லலையே?"

"சொல்ல மாட்டாங்க. அதுதான் பிரச்சனை."

"அப்ப திங்கக்கிழமை பாத்துக்கலாம். கையெழுத்து ஆகட்டும்."

ஃபத்கூர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒரு வரி போதும். மூலையில அழுத்துனா யாரையும் கேக்காம எல்லாத்தையும் கொன்னுரலாம். நான் கீழ போய் மாத்திட்டு வந்துடறேன், சோறு ஆறாது."

"கொன்னா குறிப்பு போயிரும்" என்றேன்.

"இப்ப மட்டும் இருக்கா? கட்டைவிரல்ல கொல்றாங்க. நான் நாகரிகமா கொல்றேன்."

யோங்கி அண்ணன் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். அவருக்கு அந்த ஒரு வரி பிடித்துவிட்டது என்று தெரிந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வரி வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு அழுத்துவதற்கும் மறைவதற்கும் நடுவே யாரும் இருக்க மாட்டார்கள். நான் அங்கே வைத்திருந்ததெல்லாம் போய்விடும்.

"என்ன, ஏதாவது பிரச்சனையா?" என்றார் விர்யவான் சார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கும் குரலில்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் யோங்கி அண்ணன்.

"இருக்கு சார்" என்றேன்.

என் குரல்தான். காது சூடாகி, காய்ச்சல் வருவது போலிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "புரோகிராம் மூட மாட்டேங்குது சார். ஆள் மாறும்போது பவரை அழுத்தி அணைக்கறாங்க. அதனால குறிப்பு அழிஞ்சு போகுது. பேனலையெல்லாம் தினமும் திரும்ப அடுக்கறாங்க. மூடற பகுதி நான் எழுதினது."

விழாவுக்காக அப்போதுதான் மேலே வந்த தர்மாஜி ஐயா வாசலில் நின்றிருந்தார். சார் அவரிடம் திரும்பினார்.

"அப்படியா தர்மாஜி?"

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். "இல்ல சார். அருமையான புரோகிராம். நாங்க வயசானவங்க, எங்களுக்கு அழுத்தத் தெரியல. பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

இப்படியொரு பொய்யை அத்தனை அன்பாக யாரும் எனக்காகச் சொன்னதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டால் கூம்பை வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள், நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஐயா நாளைக்கும் மேசைக்கு அடியில் குனிவார்.

"ஐயா எனக்காகச் சொல்றாரு சார்" என்றேன். "அவருக்கு அழுத்தத் தெரியும். சரியாத்தான் அழுத்தினாரு. அவர் தப்பு பண்ணல. எனக்கு மதியம் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுங்க, இல்லைன்னா போடாதீங்க."

யோங்கி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். விர்யவான் சார் கூம்பின் உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மஞ்சச் சோறு ஆறினா ஒண்ணும் கெட்டுப்போகாது. அடுத்து ஆள் மாறும்போது நானும் கீழ வரேன். நீங்க போய் வேலையப் பாருங்க." பிறகு அண்ணனிடம் சொன்னார்: "அந்த முட்டையை மட்டும் மூடி வைக்கச் சொல்லுங்க, ஈ வருது."

கீழே, அறையின் மூலையில், மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். ஃபத்கூர் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "கதவுக்காரி, சார்கிட்டயே பேசிட்ட. நாளைக்கு எலெக்ஷன்ல நிக்கப் போறியா?"

"வாயை மூடிட்டு நான் எழுதறதைப் படி. தப்பு இருந்தா சொல்லு."

"வாயை மூடறதுக்கும் நீதானே ஆளு."

முதலில் நினைத்தது எளிய மாற்றம். பேனல் ஒளிந்திருந்தால் அதை முன்னால் கொண்டுவந்து, பிறகு கேட்க வேண்டும். எழுதி, ஓட்டி, தர்மாஜி ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குறிப்பு வெளியே வந்தது, மஞ்சள் பட்டை எரிந்தது.

"நல்லா இருக்கும்மா" என்றார். அந்த 'நல்லா இருக்கு' எப்படிப்பட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். எழுந்திருக்காமல் அவரையே பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சும்மா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இது என்கிட்ட 'முடியல'ன்னு சொல்லுதே, எது முடியல?"

"குறிப்பு. கடைசில 'பெற்றுக்கொண்டேன்'னு இல்லையே ஐயா."

"அது ராத்மி எழுதறதும்மா. வந்து உக்காந்து, படிச்சுட்டு, அவ எழுதுவா. நான் எழுத வேண்டியது முடிஞ்சிருச்சு. மிச்சம் அவளோடது. என்கிட்ட கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்பை ஒருவர் பாதியில் விட்ட வேலை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது பாதியே அல்ல. ஒருவர் முழுதாக முடித்து, இன்னொருவருக்காக வைத்துவிட்டுப் போவது. கேள்வி எங்கே தெரிய வேண்டும் என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்திருந்தேன். அப்படி ஒரு கேள்வியே அங்கே இருந்திருக்கக் கூடாது.

மஞ்சள் பட்டையை அழித்தேன். அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது. அதன் நிறத்துக்காக மட்டும் ஒரு மாலை முழுக்கச் செலவிட்டிருக்கிறேன்.

மறுபடியும் எழுதினேன். மொத்தமாக மூடச் சொன்னால், முதலில் யாரையும் மூடாமல் ஒவ்வொரு பேனலிடமும் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். படகுக்கு அனுப்பும் உத்தரவு பாதியில் நிற்கிறதென்றால் பட்டியல் பேனல் மறுக்கலாம், அப்போது அது முன்னால் வந்து நின்று மறுக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் எல்லாமே இருந்த இடத்தில் இருக்கட்டும், பாதிப் பேர் போய்ப் பாதிப் பேர் நிற்கும் அலங்கோலம் வேண்டாம். எல்லோரும் சம்மதித்த பிறகு யார் எங்கே நின்றார்கள் என்று எழுதிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். குறிப்பு மட்டும் மறுப்பதே இல்லை. உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு போகும். அடுத்தவர் திறக்கும்போது, ஒளிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் ஆளாக வந்து நிற்கும்.

"இது என் ஒரு வரியை விட ரொம்ப நீளம்" என்றான் ஃபத்கூர். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த எடத்துல, ஒளிஞ்சிருக்கறதையும் சேத்துக் கேக்கறியா, தெரியறதை மட்டுமா?" என்று கேட்டான். தெரிவதை மட்டும்தான் கேட்டிருந்தேன். திருத்தினேன். அவன் இல்லையென்றால் அதே குழியில் மறுபடியும் விழுந்திருப்பேன். சோதித்துப் பார்க்க ராத்மி அக்காவின் பெயரில் திறந்து, அவரையே பேனல்களை அடுக்கச் சொல்லி, நானே மூடிப் பார்த்தேன். மூடியது.

தொழுகை முடிந்து ஆள் மாறும் நேரம் வந்தது. விர்யவான் சார் சொன்னபடி கீழே வந்தார். யோங்கி அண்ணன் அவருக்குப் பின்னால், சட்டைக் காலரை விரலால் தள்ளிக்கொண்டு நின்றார். தர்மாஜி ஐயா திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். குறிப்பை எழுதி மடித்துவிட்டார். கை மவுஸின் மேல் இருந்தது. அசையவில்லை.

"மூடுங்க தர்மாஜி" என்றார் சார்.

"மூடறேன் சார். நீங்க முதல்ல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். குடிச்சுட்டு, மெதுவா…"

"நான் டீ குடிக்க வரல."

"அது எப்படி சார், வந்தவங்க…"

ராத்மி அக்கா ரேடியோவை விட்டு எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்திருந்தார். "இப்படியே இருந்தா கப்பலே வந்துரும்." ஐயாவின் காது மடல்கள் சிவந்துவிட்டன. அவருக்கு அது முடியாது என்று எனக்குப் புரிந்தது. தன் மேலதிகாரி நிற்க, வெளியாட்கள் நிற்க, எல்லோர் முகத்துக்கும் நேராகக் கதவைச் சாத்துவது. நான் என்னதான் சரியாக எழுதியிருந்தாலும் அவர் விரல் அழுத்தாது.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, இன்னிக்கு இங்க விருந்தாளி யாரும் இல்ல. சார் இந்தக் கம்பெனி ஆளு. நான் வேலைக்கு வந்திருக்கேன். நீங்க மூடறதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க. நீங்க மூடலைன்னா எனக்கு இங்க வேலையே இல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. ரேடியோவில் ஒரு கேப்டன் பேசும்போது ஐயா நிமிர்ந்து உட்காருவார், அது போல உட்கார்ந்தார். அறையில் இருந்த எல்லோரிடமும் மெதுவாக "மன்னிச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அந்தக் கணத்தில்தான் புரோகிராம் ஒவ்வொரு பேனலிடமும் கேட்டு வருகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். பிறகு அட்டவணை போனது. பட்டியல் போனது. பச்சையும் ஆரஞ்சுமாகப் படகுகளோடு வரைபடம் போனது. கடைசியாகப் பெரிய விண்டோ. வெறும் நீலத் திரை. யாரும் எதையும் இழுக்கவில்லை, பிடுங்கவில்லை. ஃபத்கூர் என் தோளில் இடித்தான். நான் நேராக நின்றுகொண்டேன்.

ஐயா எழுந்து ரேடியோவுக்குப் போனார். ராத்மி அக்கா உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினார். வரைபடம் வந்ததும் வழக்கம்போல அதைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். அது ஏற்கெனவே அவர் அடுக்கி வைத்த இடத்தில் இருந்தது. கை பாதியில் நின்றது. "அட" என்றார், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் குறிப்பு நின்றது. தர்மாஜி ஐயாவின் கடைசி வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு எரிந்து அணைந்து எரிந்து காத்திருந்தது.

அக்கா வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் படகு, வின்ச், கயிறு. 'பெற்றுக்கொண்டேன்' என்று தட்டினார். பட்டியலில் தன் முறைக்கு வரும் கன்டெய்னர் கப்பலுக்கு நேரே முதல் நாளே போட்டிருந்த மூன்றாம் படகை எடுத்துவிட்டு ஆறாம் படகைப் போட்டார். ஐயா ரேடியோவை எடுத்து இரண்டு படகுகளின் பெயரையும் சொல்லிப் பேசினார். அந்தப் பக்கம் யாரோ கரகரத்துச் சிரித்தார்கள்.

விர்யவான் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். யோங்கி அண்ணன் சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் வெளியே பார்த்தேன். மதுரா தீவுப் பக்கத்திலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது, பெட்டிகள் அடுக்கடுக்காக. அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த படகுகளில் ஒன்று வேகம் குறைந்தது. பழுப்பு நீரில் அகலமாக ஒரு வளைவு போட்டு மூக்கைத் திருப்பியது. அது விட்டுப்போன இடத்துக்குக் கரையோரமாக நின்றிருந்த இன்னொரு படகு, புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.